சாவி யார் இடுப்பிலே?

(“கல்லூரி ஃபுட்பால் அணிக்குப் பெருமை சேர்ப்பது சொந்த மைதானமா? தொழில்முறை அணியோடு பகிர்ந்துகொள்ளும் மைதானமா?” என்ற பட்டிமன்றத்தில், ‘சொந்த மைதானமே’ என்னும் அணியின் நிறைவுப் பேச்சாளர் ஆற்றிய உரை.)

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் வாடகை வீட்டு வக்கீல்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! இந்த அரங்கத்திலும், வீட்டிலே டி.வி. முன்னாலும் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேர் மனசுக்குள்ளே, ‘அமெரிக்காக்காரன் ஆட்டம் நமக்கு எதுக்கு?’ன்னு நினைச்சிருப்பீங்க. காலாலே உதைக்கிறது கொஞ்சம், கையிலே தூக்கிக்கிட்டு ஓடறது நிறைய. தலையிலே ஹெல்மெட், தோளிலே கவசம். இவ்வளவையும் மாட்டிக்கிட்டு அதுக்கு ஃபுட்பால்னு பேரு! (சிரிப்பு) ஆனா நடுவர் அவர்களே, ஆட்டம் அவங்களுது, பிரச்சினை நம்மளுது. ஒரே வீட்டிலே இரண்டு குடித்தனம் இருந்தா என்ன ஆகும்? இதுதான் கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல நம்மைவிட அனுபவசாலி உலகத்திலே யார் இருக்கா? (கைதட்டல்)

விவரம் தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். அங்கே சனிக்கிழமை கல்லூரி அணிகள் ஆடும். ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை அணிகள் ஆடும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த ஸ்டேடியம் உண்டு. ஆனா பிட்ஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா, மயாமி, டாம்பா, லாஸ் வேகாஸ் மாதிரி சில ஊர்களிலே இரண்டு அணிக்கும் ஒரே ஸ்டேடியம். சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் முடிஞ்சதும், தரையிலே கல்லூரி வரைஞ்ச கோலத்தை அழிச்சுட்டு, விடியறதுக்குள்ளே இன்னொருத்தர் கோலத்தைப் போடணும். மார்கழி மாசம்கூட நாம ஒருத்தர் கோலத்தை இன்னொருத்தர் அழிக்கறதில்லே ஐயா!

எதிரணித் தலைவர் அழகாப் பேசினார். “வாரம் ஒரு நாள் ஆடற ஆட்டத்துக்கு இரண்டு ஸ்டேடியம் எதுக்கு? வருஷத்திலே ஆறேழு நாள் ஆடறதுக்கு ஒரு கட்டடமா? கூட்டுக் குடும்பமா இருந்தா செலவு மிச்சம்”னு சொன்னார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூட்டுக் குடும்பத்தைப் பத்திப் பேசறவங்க ஒரு விஷயத்தை மறைச்சுடுவாங்க. நம்ம வீட்டுப் பெண்களுக்கு அது தெரியும். வீடு யார் பேரிலே இருக்குங்கறது முக்கியமே இல்லே. சாவி யார் இடுப்பிலே இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்லே! (கைதட்டல்)

பிட்ஸ்பர்க்குக்கு வாங்க. வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறதாலே நம்ம ஜனங்களுக்குத் தெரிஞ்ச ஊர். அங்கே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், ஓக்லாந்துங்கற பகுதியிலே, தன்னோட வளாகத்துக்குள்ளேயே, 1925-ல் ஒரு ஸ்டேடியம் கட்டிச்சு. வகுப்பு முடிஞ்சா பையன் நடந்தே மேட்ச்சுக்குப் போயிடலாம். அப்போ அந்த ஊர் தொழில்முறை அணி ஸ்டீலர்ஸுக்குச் சொந்தமா ஒரு மைதானம் கிடையாது. அவங்க எங்கே ஆடினாங்க? 1964-லிருந்து 1969 வரைக்கும் இந்தக் கல்லூரி மைதானத்திலேதான் ஆடினாங்க. அன்னிக்குக் கல்லூரி வீட்டுக்காரர். ஸ்டீலர்ஸ் குடித்தனக்காரர்.

1970-ல் ஸ்டீலர்ஸுக்கு த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம் கிடைச்சது, போயிட்டாங்க. கல்லூரி தன் வீட்டிலேயே இருந்தது. 1999-ல் என்ன ஆச்சு? பழசாயிடுச்சு, ரிப்பேர் செலவு அதிகம், இடம் வேறே வேலைக்கு வேணும்னு சொல்லி, கல்லூரி தன் வீட்டைத் தானே இடிச்சது. நவம்பர் 13-ல் கடைசி மேட்ச், நோட்ர டேம் அணியை 37-க்கு 27-ன்னு ஜெயிச்சுட்டு, கண்ணீரோட கதவைச் சாத்தினாங்க. 2001-ல் ஆத்துக்கு அக்கரையிலே புது ஸ்டேடியம் வந்தது. ஹைன்ஸ் ஃபீல்டுன்னு பேரு. 2022-லிருந்து அக்ரிஷர் ஸ்டேடியம். ஸ்டீலர்ஸுக்காகக் கட்டினது. கல்லூரி அதிலே ஒண்டிக்கிச்சு. அன்னிக்குத் திண்ணையிலே இடம் கேட்டவர் இன்னிக்குக் கூடத்திலே சாய்வு நாற்காலி போட்டிருக்கார். திண்ணை கொடுத்தவர் சனிக்கிழமை சனிக்கிழமை வந்துட்டுப் போறார்!

நடுவர்: அம்மா, கட்டினது ஊர்ப் பணம்தானே? ஸ்டீலர்ஸ் வீடுன்னு எப்படிச் சொல்றீங்க?

நல்ல கேள்வி ஐயா. பத்திரம் பொது அமைப்பு பேரிலேதான் இருக்கு. ஆனா அங்கே இருக்கிற 68,400 நாற்காலியும் என்ன நிறம்? ஸ்டீலர்ஸோட மஞ்சள்! கல்லூரிக்கு நீலமும் பொன்னும். ஸ்டீலர்ஸ் ஆடினா அந்த மஞ்சள் தெரியாது, ஆள் நிறைஞ்சிருக்கும். கல்லூரி ஆடினா, சாதாரண மேட்ச்சிலே, டி.வி.யைத் திறந்தா மஞ்சளா தெரியுது. ஏதோ சூரியகாந்தித் தோட்டம்னு நினைச்சுக்கறோம். பார்த்தா காலி நாற்காலி! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணிச் சகோதரி உடனே புள்ளிவிவரம் எடுத்தாங்க. “2022 செப்டம்பர் 1-ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியாவோட நடந்த மேட்ச்சுக்கு 70,622 பேர் வந்தாங்களே, அந்த ஊரிலே ஒரு விளையாட்டுக்கு அதுவரைக்கும் கூடாத கூட்டமாச்சே”ன்னு கேட்டாங்க. ஒத்துக்கறேன். அது பங்காளிச் சண்டை. பக்கத்து ஊர்க்காரனோட பரம்பரைப் போட்டி. தீபாவளிக்கு வீடு நிறைஞ்சிருந்தது சகோதரி, தினமும் நிறைஞ்சிருந்ததா? வீட்டோட லட்சணம் சாதாரணச் சனிக்கிழமையிலேதான் தெரியும்.

‘பசங்களுக்கு ஆர்வம் இல்லே, அதான் வரலே’ன்னு சொல்லலாமா? சொல்ல முடியாது. சாட்சி அதே கல்லூரியிலே இருக்கு. இடிச்ச பழைய ஸ்டேடியம் இருந்த அதே இடத்திலே, 2002-ல் பாஸ்கெட்பால் அரங்கம் ஒண்ணு திறந்தாங்க. 12,508 இருக்கை. வளாகத்துக்குள்ளேயே இருக்கு. அங்கே மாணவர்கள் உட்கார்ற பகுதிக்குப் பேர் என்ன தெரியுமா? ‘ஓக்லாந்து மிருகக்காட்சிசாலை’! அவங்களே வெச்சுக்கிட்ட பேரு. போடற சத்தம் அப்படி! அதே கல்லூரி, அதே பசங்க. நடந்து போற தூரத்திலே, அளவான வீட்டிலே கர்ஜிக்கறாங்க. பஸ் ஏறிப் போய், ஆத்தைத் தாண்டி, அடுத்தவர் நிறத்து நாற்காலியிலே உட்காரச் சொன்னா அந்தக் குரல் கரைஞ்சு போகுது. தூரம் வெறும் மைல் கணக்கு இல்லே ஐயா. நம்ம பசங்க சனிக்கிழமை ‘எங்க காலேஜ்’னு மார்தட்டற உரிமையிலே அது கை வைக்குது.

சரி, மனசை விடுங்க. தரையைப் பாருங்க. கூட்டுக் குடித்தனத்திலே முதல்லே தேயறது வாசப்படி. 2007 நவம்பர் மாசம், அதே பிட்ஸ்பர்க் ஸ்டேடியம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட அணிகளோட நாலு இறுதிப் போட்டி. சனிக்கிழமை கல்லூரி மேட்ச். தரை கிழிஞ்சு போச்சு. அவசர அவசரமா பழைய புல்லு மேலேயே புதுப் புல்லை விரிச்சாங்க. பழைய பாய் மேலே புதுப் பாய்! திங்கட்கிழமை ராத்திரி ஸ்டீலர்ஸ் மேட்ச், எதிரே மயாமி டால்ஃபின்ஸ். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. மைதானம் நாத்து நடற வயலாயிடுச்சு. மயாமி வீரர் ஒருத்தர் வானத்துக்கு உதைச்ச பந்து, கீழே விழுந்து துள்ளலே, உருளலே. சேத்திலே சொருகிக்கிட்டு அப்படியே நின்னுச்சு! (சிரிப்பு) ஆட்டம் முடிய 17 விநாடி இருக்கிற வரைக்கும் ஒரு பாயிண்ட் யாரும் எடுக்கலே. கடைசியிலே 3-க்கு 0. நமக்குச் சிரிப்பு. ஆனா அந்தச் சேத்திலே நூறு கிலோ மனுஷங்க ஓடி வந்து மோதறாங்க. கால் முட்டி போனா யார் பதில் சொல்றது?

“அதுக்குத்தான் லாஸ் வேகாஸிலே வழி கண்டுபிடிச்சாச்சே”ன்னு எதிரணி இளைஞர் சொன்னார். உண்மைதான். 2020-ல் திறந்த அலீஜியன்ட் ஸ்டேடியத்திலே, புல்தரை முழுசையும் ஒரு பிரம்மாண்டமான தட்டிலே வளர்க்கறாங்க. வெயில் காயறதுக்கு அந்தத் தட்டு வெளியே உருண்டு போகுது, ரெய்டர்ஸ் அணி ஆடும்போது உள்ளே உருண்டு வருது. அதிசயம்தான். அந்த ஊர்ப் பல்கலைக்கழக அணி எதிலே ஆடுது? தட்டை வெளியே தள்ளிட்டு, உள்ளே இருக்கிற செயற்கைத் தரையிலே! மாப்பிள்ளைக்கு வாழை இலை. வீட்டுப் பிள்ளைக்குப் பிளாஸ்டிக் தட்டு! (கைதட்டல்) தொழில்முறை வீரர்களோட சங்கமே, உடம்புக்கு நல்லது இயற்கைப் புல்தான்னு கேட்டுக்கிட்டு இருக்கு. அது பெரியவங்களுக்கு மட்டும்தானா? பத்தொன்பது வயசுப் பையனுக்கு முட்டி கிடையாதா?

ஒண்ணு ஒத்துக்கணும். வேகாஸ் கல்லூரிக்கு முன்னாலே இருந்த மைதானமும் வளாகத்திலே இல்லே, இன்னும் தூரத்திலே இருந்தது. அவங்களுக்கு இது கொஞ்சம் வசதிதான். ஆனா ஒரே வீட்டிலே இரண்டு அடுப்பு மூட்டினதே, ஒரே அடுப்பிலே சமையல் நடக்காதுங்கறதுக்கு அத்தாட்சி இல்லையா?

இப்போ என் கட்சியோட மூலாதாரமான சாட்சியைக் கூப்பிடறேன். மினசோட்டா பல்கலைக்கழகம். அந்த அணிக்குப் பேர் ‘கோஃபர்ஸ்’. கோஃபர்னா என்ன? மண்ணிலே வளை தோண்டி வாழற பிராணி, எலிக்குச் சொந்தக்காரன். நம்ம பாட்டி என்ன சொல்லியிருக்கா? ‘எலி வளையானாலும் தனி வளை வேணும்’! பாட்டி மினசோட்டாவுக்காகவே சொல்லியிருக்கா பாருங்க! (பலத்த சிரிப்பு)

இந்த கோஃபர்ஸுக்கு 1924-லிருந்து வளாகத்திலேயே மெமோரியல் ஸ்டேடியம் இருந்தது. முதல் உலகப் போரிலே உயிர் கொடுத்தவங்க நினைவா கட்டினது. 1982-ல் ஊர் நடுவிலே மெட்ரோடோம்னு கூரை போட்ட ஸ்டேடியம் வந்ததும் கல்லூரி அங்கே குடிபோச்சு. அங்கே யார் யார்? வைக்கிங்ஸ் ஃபுட்பால் அணி, ட்வின்ஸ் பேஸ்பால் அணி, கூட நம்ம கோஃபர். மூணு குடித்தனம்! பழைய வீட்டை 1992-ல் இடிச்சாங்க. இடிச்சபோது அதோட நுழைவாயில் வளைவைக் கல்லு கல்லாப் பத்திரப்படுத்தி, பிற்பாடு பழைய மாணவர் மையத்துக்குள்ளே நிறுத்தி வெச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, நடுவர் அவர்களே! வித்துப்போன வீட்டோட நிலைக்கதவை மட்டும் எடுத்து வெச்சுக்கற குடும்பத்தை நாம பார்த்திருக்கோமே! அந்த ஏக்கம் அமெரிக்காக்காரனுக்கும் இருக்கு.

27 சீசன் அப்படி ஓடிச்சு. அப்புறம் ஞானம் வந்தது. வளாகத்திலேயே 50,805 இருக்கையோட புது ஸ்டேடியம் கட்டினாங்க. செலவு 28 கோடியே 85 லட்சம் டாலர். எதிரணி கேட்ட கேள்வி, ‘பணம் யார் தருவா?’ இங்கே பதில் இருக்கு. மாநில அரசு ஒரு பங்கு, மாணவர் கட்டணத்திலே ஒரு பங்கு, ஒரு பேங்க் தன் பேரை வைக்கறதுக்கு மூன்றரைக் கோடி டாலர், பழைய மாணவர்கள் நன்கொடை. ஊர் கூடித் தேர் இழுத்தாங்க. 2009 செப்டம்பர் 12-ல் முதல் மேட்ச், 20-க்கு 13-ன்னு கோஃபர்ஸ் ஜெயிச்சாங்க.

இனிமேதான் கதையிலே ருசி. அடுத்த வருஷமே, 2010 டிசம்பர் 12-ஆம் தேதி, பனி பாரம் தாங்காம மெட்ரோடோம் கூரை கிழிஞ்சு உள்ளே விழுந்தது! பெரியவர் வைக்கிங்ஸ் தெருவுக்கு வந்துட்டார். அடுத்த வாரம், 20-ஆம் தேதி மேட்ச் எங்கே நடந்தது? கோஃபர் வளையிலே! பனியை வாரிக் கொட்டி இடம் கொடுத்தாங்க. அதோட முடியலே. வைக்கிங்ஸ் புது ஸ்டேடியம் கட்டற வரைக்கும், 2014, 2015 இரண்டு சீசனும் அந்தக் கல்லூரி வீட்டிலேதான் குடியிருந்தாங்க. 2016 ஜனவரி 10-ல், மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் குளிரிலே, சியாட்டிலோட நாக்-அவுட் மேட்ச். வைக்கிங்ஸ் காரர் கடைசி நிமிஷத்திலே 27 கஜத்திலிருந்து உதைச்சது தப்பிப் போய், 10-க்கு 9-ன்னு தோத்துப் போனாங்க. அதே வருஷம் புது வீட்டுக்குப் போயிட்டாங்க. தோத்ததுக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லே! (சிரிப்பு)

இங்கேதான் என் வாதத்தோட உயிர் இருக்கு. கல்லூரி யாருக்கும் கதவைச் சாத்தச் சொல்லலே நான். கஷ்டகாலத்திலே பெரியவருக்கும் இடம் கொடு. ஆனா நீ வீட்டுக்காரனா இருந்து கொடு! சாவி உன் இடுப்பிலே இருந்தா, பகிர்றது பெருமை. அடுத்தவர் இடுப்பிலே இருந்தா, அது ஒண்டிக்குடித்தனம்!

ஏன் கல்லூரிக்குத்தான் சாவின்னு நான் அடிச்சுப் பேசறேன்? ஏன்னா நிக்கப் போறது கல்லூரிதான். பெரியவங்க கட்டின மாளிகைகளுக்கு ஆயுசு என்ன? பிட்ஸ்பர்க் த்ரீ ரிவர்ஸ், 1970-ல் பிறந்தது, 2001-ல் வெடி வெச்சுத் தகர்த்தாங்க. ஃபிலடெல்ஃபியா வெட்டரன்ஸ் ஸ்டேடியம், 1971-ல் பிறந்தது, 2004-ல் தகர்த்தாங்க. மெட்ரோடோம் 1982, 2014-ல் இடிச்சாச்சு. முப்பது வருஷம், அவ்வளவுதான் ஆயுசு. ஒரு வீட்டுக் கடன் முடியற காலம்தான்!

கல்லூரி வீட்டைப் பாருங்க. ஃபிலடெல்ஃபியாவிலே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட ஃபிராங்க்ளின் ஃபீல்டு. 1895-ல் தொடங்கினது. தொழில்முறை ஈகிள்ஸ் அணி 1958-லிருந்து 1970 வரைக்கும் அங்கே குடியிருந்தது. அப்புறம் வெட்டரன்ஸ் ஸ்டேடியத்துக்குப் போச்சு. அதுவும் போய், 2003-லிருந்து வேறே ஸ்டேடியம். குடித்தனக்காரர் இரண்டு வீடு மாறிட்டார். பழைய வீடு இன்னமும் நிக்குது, பசங்க இன்னமும் ஆடறாங்க.

லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் இன்னும் வேடிக்கை. 1923-லிருந்து தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அங்கே ஆடுது. 1946-ல் ராம்ஸ் வந்தாங்க. 1979 சீசனோட போனாங்க. 1982-ல் ரெய்டர்ஸ் வந்தாங்க. 1994 சீசனோட போனாங்க. 2016-ல் மறுபடி ராம்ஸ் வந்தாங்க. 2019 சீசனோட மறுபடியும் போனாங்க. சத்திரத்துக்கு வர்ற மாதிரி வந்து போறாங்க! கல்லூரி மட்டும் அங்கேயே இருந்தது. அந்த இடமும் பொதுச் சொத்துதான். ஆனா 2013-ல் நீண்ட காலக் குத்தகையிலே நிர்வாகத்தையே கல்லூரி கையிலே எடுத்துக்கிச்சு. பிறகு முப்பத்தொன்றரைக் கோடி டாலர் செலவு பண்ணிப் புதுப்பிச்சு, 2019-ல் முடிச்சது. பத்திரம் இல்லேன்னாலும் சாவி வாங்கிட்டாங்க! தொழில்முறை அணிக்கு லாபம் வேறே ஊரிலே தெரிஞ்சா கிளம்பிடும். பல்கலைக்கழகம் ஊரை விட்டுப் போகுமா? தங்கறவன் கையிலே சாவி, போறவன் கையிலே ரசீது. இதுதானே ஐயா நியாயம்? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் கடைசியா ஒரு கேள்வி வீசினார். “டெம்பிள் பல்கலைக்கழகம் ஃபிலடெல்ஃபியாவிலே சொந்த ஸ்டேடியம் கட்டப் பார்த்தப்போ, பக்கத்துத் தெரு ஜனங்களே எதிர்த்தாங்களே?” எதிர்த்தாங்க. 35,000 இருக்கைத் திட்டம் நின்னு போச்சு. அணி இன்னமும் ஈகிள்ஸ் ஸ்டேடியத்திலேதான் ஆடுது. அந்தத் தெரு ஜனங்க பக்கம் நியாயம் இருக்குன்னு நான் இந்த மேடையிலேயே சொல்றேன். வாடகை ஏறும், வண்டி நிக்கும், சத்தம் வரும்னு அவங்க பயந்தது நிஜமான பயம். பக்கத்து வீட்டுக்காரன் வயிறெரியக் கட்டற வீட்டிலே விளக்கு நல்லா எரியாது. ஆகவே கேட்டுக் கட்டு, அளவாக் கட்டு, அவங்க சம்மதிக்கிற வரைக்கும் காத்திருந்து கட்டு. ‘வீட்டைக் கட்டிப் பார்’னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? கஷ்டம்னு சொன்னாங்களே தவிர, கட்டாதேன்னு சொல்லலே!

அப்படி அளவாக் கட்டறவங்களும் இருக்காங்க. டாம்பாவிலே தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம், 1998-லிருந்து பக்கனீர்ஸ் அணியோட ஸ்டேடியத்திலே ஒண்டிக்குடித்தனம். 65,000 பேர் உட்கார்ற மாளிகை. கால் நூற்றாண்டு பார்த்துட்டு, 2024 நவம்பரிலே, வளாகத்துக்குள்ளேயே 35,000 இருக்கையோட சொந்த ஸ்டேடியத்துக்கு மண் தோண்ட ஆரம்பிச்சாங்க. 2027-ல் திறக்கணும்னு திட்டம். பாதி அளவு வீடு. ஆனா சாவி தன் இடுப்பிலே!

நிறைவா, நடுவர் அவர்களே! கல்லூரிக்கு வர்ற பையன் நாலு வருஷம்தான் இருப்பான். அப்புறம் வேலை, கல்யாணம், வேறே ஊர். இருபது வருஷம் கழிச்சு மனைவி மக்களோட ஒரு சனிக்கிழமை திரும்பி வருவான். ‘இங்கேதான் நான் படிச்சேன், இதோ இந்தப் படிக்கட்டிலே நின்னுதான் கத்தினேன்’னு தன் குழந்தைக்குக் காட்டணும்னு அவனுக்கு ஆசை இருக்காதா? அப்போ அந்தப் படிக்கட்டு அந்த இடத்திலே இருக்கணுமே! பழைய வளைவுக் கல்லை எடுத்து வெச்சானே மினசோட்டாக்காரன், எதுக்காக? இதுக்காகத்தான். சேமிச்ச பணத்தைக் கணக்குப் பார்த்துச் சொன்னார் எதிரணித் தலைவர். திரும்பி வர்ற பிள்ளைக்குக் காட்ட ஒரு வாசல் இருக்கணும்னு நான் கேக்கறேன்.

பகிர்ந்து கொடுக்கிற மனசு வேணும். கொடுக்கிறதுக்கு முதல்லே ஒரு வீடு வேணும். ஆகவே, கல்லூரி அணிக்குப் பெருமை சேர்ப்பது சொந்த மைதானமே, சொந்த மைதானமே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள், நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)